நாயகி எங்கே கிடைக்கிறாள்? மிகைப்புனைவு எழுத்தாளர்களின் தேடல்

மிகைப்புனைவு (ஃபேன்டஸி) எழுதுகிறவர்களைப் பார்த்தால் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தப் பெண்ணை எங்கே பிடித்தீர்கள்?" கேள்விக்குள்ளேயே ஒரு நம்பிக்கை இருக்கிறது. எழுத்தாளர் யாரோ ஒருத்தியைப் பார்த்திருப்பார், பள்ளித் தோழியாகவோ மனைவியாகவோ ரயிலில் எதிரே உட்கார்ந்தவளாகவோ இருக்கலாம். அவள் கையில் ஒரு வாளையும் கொஞ்சம் மந்திரத்தையும் கொடுத்துக் கதைக்குள் அனுப்பியிருப்பார் என்ற நம்பிக்கை. சமூக நாவலுக்கு இது ஓரளவு பொருந்தும். மிகைப்புனைவில் பெரும்பாலும் வேறு மாதிரி நடக்கிறது. அங்கே நாயகியும் அவள் வாழும் உலகமும் சேர்ந்தேதான் உருவாகின்றன. அந்த உலகத்துக்கென்று ஒரு விதி இருக்கும். அது யார் தலையில் மிகக் கனமாக விழும் என்று எழுத்தாளருக்குத் தெரியவரும் இடத்தில்தான் நாயகி கிடைக்கிறாள். அதுவரை கையில் இருப்பது ஒரு முகம், அல்லது ஒரு பெயர்.

நிஜப் பெண்ணைப் பார்த்து எழுதியதற்கு மிகப் பிரபலமான சான்று ஜே.ஆர்.ஆர். டோல்கீன். 1917-இல், முதல் உலகப் போரிலிருந்து நோயோடு திரும்பியிருந்த இளம் ராணுவ அதிகாரி அவர். யார்க்‌ஷயரில் ரூஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், வெள்ளைப் பூக்கள் மண்டிக்கிடந்த ஒரு காட்டில், மனைவி ஈடித் அவருக்காக ஆடினார். அந்தக் காட்சியிலிருந்துதான் எல்ஃப் என்ற கற்பனை இனத்தின் இளவரசி லூத்தியன் வந்தாள் என்று டோல்கீன் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் இருவரும் அடக்கமான இடத்தில் உள்ள கல்லில் ஈடித்தின் பெயரோடு 'லூத்தியன்' என்றும், டோல்கீன் பெயரோடு, கதையில் லூத்தியனின் காதலனான 'பெரன்' என்றும் பொறித்திருக்கிறார்கள். இதைவிட வெளிப்படையான ஆதாரம் எந்த இலக்கிய ஆய்வாளருக்கும் கிடைக்காது.

ஆனால் கதையைப் படித்துப் பாருங்கள். காட்டில் ஆடும் பெண் கதையின் தொடக்கத்தோடு சரி. டோல்கீனின் உலகத்தில் எல்ஃப்களுக்கு மூப்பினால் சாவில்லை, மனிதர்களுக்கு உண்டு. செத்த பிறகும் இரண்டு இனத்தாரின் வழியும் வேறு வேறு. அப்படியானால் மனிதன் ஒருவனைக் காதலிக்கும் எல்ஃப் பெண்ணின் கதி என்ன? லூத்தியன் செய்யும் பெரிய காரியங்கள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து கிளம்புகின்றன. சிறையில் கிடக்கும் காதலனை அவள் போய் மீட்கிறாள். இருளின் அதிபதியை அவன் அரண்மனையிலேயே பாடித் தூங்கவைக்கிறாள். கடைசியில் தன் சாவாமையையே கொடுத்துவிட்டு மனிதப் பெண்ணாகச் சாகிறாள். ஈடித் தந்தது ஓர் அசைவையும் கொஞ்சம் வெளிச்சத்தையும். மீதியை அந்த மரண விதி தந்தது.

லூயிஸ் கரோல் விஷயத்தில் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியும். 1862 ஜூலை 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தேம்ஸ் நதியில் படகில் போகும்போது, 10 வயது ஆலிஸ் லிடலுக்கும் அவளுடைய சகோதரிகளுக்கும் அவர் சொன்ன கதை 1865-இல் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' புத்தகமாயிற்று. நிஜ ஆலிஸுக்குக் குட்டையாக வெட்டிய கருமையான முடி. ஜான் டெனியல் வரைந்த ஆலிஸுக்கு நீண்ட வெளிர் முடி, உலகமே அடையாளம் காணும் உருவம் அது. யாருக்கும் இதில் குறை தெரியவில்லை. ஏனென்றால் நம் நினைவில் நிற்பது முகமே இல்லை. மனம்போன போக்கில் சட்டம் போடும் பெரியவர்கள் நிறைந்த உலகத்தில், மரியாதையாக வளர்க்கப்பட்ட ஒரு சிறுமி மாட்டிக்கொள்கிறாள். மரியாதையை எதுவரை காப்பாற்றுவாள் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பதற்றம், நகைச்சுவையும் அதுவே.

ஃபிலிப் புல்மன் எதிர்த் திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1995-இல் வெளியான 'நார்தர்ன் லைட்ஸ்' நாவலுக்கு அவரிடம் முதலில் லைரா என்ற சிறுமி இருந்தாள். போகக்கூடாத ஓர் அறைக்குள் நுழைகிறாள், ஆள் வரும் சத்தம் கேட்டு ஒளிந்துகொள்கிறாள், கேட்கக்கூடாததைக் கேட்கிறாள். நல்ல தொடக்கம்தான். ஆனால் திரும்பத் திரும்ப எழுதியும் அது நகரவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிறுமி தனியாக இருந்தாள், பேசவும் வாதாடவும் பக்கத்தில் ஆளில்லை. பிறகு ஒரு தடவை, லைராவோடு அவளுடைய 'டீமன்' இருந்தது என்று எழுதிவிட்டார். மனிதரின் ஆன்மா விலங்கு வடிவில் உடலுக்கு வெளியே கூடவே திரிவது, அதுதான் டீமன். குழந்தைகளின் டீமன் நினைத்தபடி உருவம் மாறும், பெரியவர்களுடையது ஒரே உருவத்தில் நின்றுவிடும் என்ற எண்ணம் அதற்கப்புறம்தான் வந்தது. அது வந்த உடனே கதைக்கு எதிரிகளும் கிடைத்துவிட்டார்கள்: குழந்தையையும் டீமனையும் வெட்டிப் பிரிக்க நினைப்பவர்கள். லைராவின் வயது கூட அப்போதுதான் பொருள் பெறுகிறது. அவள் இன்னும் சிறுமி, ஆனால் ரொம்ப நாள் அப்படி இருக்கப்போவதில்லை. அந்த விதி மிக வேகமாக நெருங்கிக்கொண்டிருப்பது அவளைப் போன்றவர்களைத்தான்.

எழுத்துப் பட்டறைகளில் 'முதலில் பாத்திரம், அப்புறம் உலகம்' என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அதைத் திருப்பிப் போட்டுச் சொல்பவர்களும் உண்டு. புல்மனிடம் பாத்திரம் முதலில் வந்தது, ஆனால் உலகம் வரும்வரை அது மூச்சுவிடவில்லை. இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் சேருவது என்று எனக்குத் தெரிவதில்லை, சேர வேண்டிய தேவையும் இல்லை.

இதை எல்லாரையும்விட நேர்மையாகச் செய்துகாட்டியவர் என்று நான் நினைப்பது அர்சுலா கே. லெ குவினை. அவருடைய எர்த்சீ தீவுக்கூட்டத்தில் மந்திரத்துக்கு அடிப்படை பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் ஆளுக்கும் உண்மைப் பெயர் ஒன்று உண்டு. அதை அறிந்தவருக்கு அந்தப் பொருளின் மேல் அதிகாரம் உண்டு. 1968-இல் வந்த முதல் புத்தகம் கெட் என்ற சிறுவன் மந்திரவாதியாக வளரும் கதை. 1971-இல் வந்த 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' புத்தகத்துக்குத் தூண்டுதல் கிழக்கு ஓரிகனின் வறண்ட உயர்நிலப் பாலைக்கு அவர் போய்வந்த பயணம் என்று எழுதியிருக்கிறார். நாயகி என்று யாரும் அப்போது இல்லை. கல்லும் காய்ந்த புல்லும் எல்லையில்லாத வானமும் மட்டும் இருந்தன. அந்த நிலத்தில் ஒரு கோயில், கோயிலுக்கு அடியில் விளக்கே ஏற்றக்கூடாத இருட்டுச் சுரங்கங்கள், அவற்றைக் காக்கும் பூசாரி. செத்துப்போன தலைமைப் பூசாரியின் மறுபிறவி என்று சொல்லிக் குழந்தையிலேயே பெற்றோரிடமிருந்து எடுத்து வரப்பட்டவள் டெனார். அங்கே அவளிடமிருந்து பறிக்கப்படுவது அவளுடைய பெயர். 'விழுங்கப்பட்டவள்' என்ற பொருளில் ஒரு பட்டத்தை வைத்துவிடுகிறார்கள்.

பெயரே சக்தியாக இருக்கும் உலகத்தில் பெயரை இழந்தவள். இந்தப் பொருத்தத்தைத் தனியாக உட்கார்ந்து யோசித்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். முதல் புத்தகத்தில் போட்ட விதி இரண்டாவது புத்தகத்தின் நாயகியைச் சுட்டிக்காட்டிவிட்டது. கெட் அவளுக்கு அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லும் இடம்தான் கதையின் உண்மையான திருப்பம். வாளோ டிராகனோ அங்கே இல்லை.

லெ குவினின் உலகத்தில் இன்னொரு விதியும் இருந்தது. அதை அவர் அவ்வளவாக யோசிக்காமலே போட்டிருந்தார்: பெரிய மந்திரவாதிகள் எல்லாரும் ஆண்கள், மந்திரப் பள்ளியில் சேருவதும் பையன்கள் மட்டும். பெண்களின் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று அந்தத் தீவுகளில் பழமொழிகூட உண்டு. தன்னிடம் வந்துசேர்ந்த வீரகாவிய மரபு அப்படித்தான் இருந்தது, தானும் அதற்குள்ளேயே எழுதினேன் என்று பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். மூன்றாவது புத்தகம் வந்தது 1972-இல். நான்காவதான 'டெஹானு' 1990-இல். இந்த 18 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு டெனார் திரும்பி வருகிறாள், நடுவயது விதவையாக, ஒரு பண்ணையைப் பார்த்துக்கொள்பவளாக. நெருப்பில் தள்ளப்பட்டு முகத்தின் ஒரு பக்கமும் ஒரு கையும் வெந்துபோன ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். மந்திரவாதி கெட் சக்தியெல்லாம் இழந்து அவள் வீட்டுக்கு வந்து சேருகிறான். தன் உலகத்துக்குத் தானே வகுத்த விதியை ஓர் எழுத்தாளர் குறுக்கு விசாரணை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது உதாரணம். ஏற்கெனவே ஓர் உலகத்தைக் கட்டி முடித்துவிட்டு அடுத்த நாயகியைத் தேடுபவர்கள் முதலில் புரட்ட வேண்டியது தங்களுடைய பழைய புத்தகங்களைத்தான். எந்த விதியைக் கவனிக்காமல் எழுதினோம், அதற்கு யார் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவற்றில் தேட வேண்டும்.

நாட்டார் கதைகள் எல்லாருக்கும் தெரிந்த ஊற்று. ஆனால் நாவலாசிரியர் அதைப் படிக்கும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. கதை எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறதோ அந்த இடத்தில் போய் நிற்பார். கிரிம் சகோதரர்கள் தொகுத்த 'ஆறு அன்னங்கள்' கதையை எடுத்துக்கொள்ளலாம். ஆறு அண்ணன்மார் அன்னப்பறவைகளாகிவிடுகிறார்கள். அவர்களை மீட்கத் தங்கை ஆறு ஆண்டுகள் பேசாமல், சிரிக்காமல், ஆறு சட்டைகள் தைக்க வேண்டும். நடுவில் ஓர் அரசன் அவளை மணக்கிறான். அவள் பெற்ற குழந்தைகளை மாமியார் ஒளித்துவைத்துவிட்டு அவளே கொன்றாள் என்கிறாள். அப்போதும் அவள் வாயைத் திறக்க முடியாது. எரிக்கப்போகும் நேரத்தில் அன்னங்கள் வருகின்றன; கடைசிச் சட்டையில் ஒரு கை மட்டும் தைத்து முடியவில்லை; இளையவனுக்கு ஒரு கைக்குப் பதில் சிறகே நின்றுவிடுகிறது.

கதை 'சுபம்' போட்டுவிட்டுப் போய்விடுகிறது. நாவலாசிரியருக்கு இங்கேதான் வேலை ஆரம்பம். பேசவே முடியாதவள் அந்தத் திருமணத்துக்குச் சம்மதித்தாளா? ஆறு ஆண்டு மௌனத்துக்குப் பிறகு அவள் குரல் எப்படி இருக்கும், முதலில் யாரிடம் என்ன சொல்வாள்? தன்னை எரிக்கச் சம்மதித்த கணவனோடு மறுநாள் சாப்பிட உட்காருவாளா? சிறகோடு மிச்ச வாழ்நாளைக் கழிக்கும் அண்ணன் அவளுக்கு நன்றி சொல்வானா, அவளைக் குறை சொல்வானா? இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே ஒரு நாவலுக்குப் போதும்.

நவோமி நோவிக் 2018-இல் வெளியிட்ட 'ஸ்பின்னிங் சில்வர்' இப்படி வந்ததுதான். வைக்கோலைப் பொன்னாக நூற்கும் ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதை அடியில் இருக்கிறது. உன்னிப்பாகப் பார்த்தால் அது கடன் கதை. ஒருவர் வாக்குக் கொடுக்கிறார், வேலை நடக்கிறது, கூலி கேட்க வருபவன் கெட்டவனாகிவிடுகிறான். நோவிக்கின் தந்தைவழிக் குடும்பம் லிதுவேனிய யூதர்கள். வட்டிக்குக் கடன் கொடுப்பவரை ஊரே வெறுக்கும், ஆனால் கடன் வாங்க அவரிடமே வரும் என்ற வரலாறு அந்தப் பின்னணியில் உண்டு. எனவே அவருடைய நாயகி மிர்யெம், கடனைக் கேட்கவே கூச்சப்படும் ஒரு வட்டிக்காரரின் மகள். அப்பாவால் முடியாததை அவள் செய்கிறாள், வீடு வீடாகப் போய் வசூலிக்கிறாள். வெள்ளியைப் பொன்னாக்குவேன் என்று அவள் சொல்வது வியாபாரத் திறமையைப் பற்றிய வெறும் பெருமைப் பேச்சு. பனிக்காட்டு அரசன் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறான். நாட்டார் கதையில் யார் பக்கத்தை யாரும் கேட்கவில்லையோ, அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள் மிர்யெம்.

இந்த உத்தி புதிதும் இல்லை. பழையனூர் நீலி என்றால் பழிவாங்கும் பேய் என்று மக்கள் அறிந்திருந்த காலத்தில், ஒரு சமணப் புலவர் அவளையே எடுத்து நீலகேசியாக்கினார். துறவியின் தவத்தைக் கெடுக்க வந்த பேய், அவரிடமே அறம் கேட்டுத் தெளிந்து, பிறகு பிற சமயத்து அறிஞர்களைத் தேடிப்போய் வாதில் வெல்கிறது. பௌத்தர்களின் குண்டலகேசிக்கு எதிர்ப்பாட்டு அது. சமயப் பிரசாரம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் பயமுறுத்துவதற்கு மட்டும் வைத்திருந்த ஒருத்தியின் கையில் தர்க்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றிய அந்த மூளை, இன்றைக்கு மிகைப்புனைவு எழுதியிருந்தால் நன்றாகவே பிழைத்திருக்கும்.

மணிமேகலை இன்னும் நல்ல பாடம். சிலப்பதிகாரத்தில் ஓரமாக இருந்த மகளுக்குத் தனிக் காப்பியம். வேற்றுரு எடுக்க, வானில் செல்ல, பசியை வெல்ல மூன்று மந்திரங்களும் வற்றாத அமுதசுரபியும் அவளிடம் உண்டு. சாத்தனார் அந்தச் சக்தியைச் சும்மா விடவில்லை. தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பிக்க அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவம் எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி, பொறாமையில் உதயகுமரனை வெட்டிவிடுகிறான். இளவரசன் சாவுக்காக இவள் சிறைக்குப் போகிறாள். மந்திரம் தீர்த்துவைத்த சிக்கல் சின்னது, கூட்டிவந்தது பெரியது. இப்போதைய ஃபேன்டஸி நாவல்கள் பலவற்றில் நாயகியின் சக்தி வெறும் பரிசாகவே நின்றுவிடுவதைப் பார்க்கும்போது இந்த இடம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

வரலாற்றிலிருந்து எடுப்பவர்கள் வழக்கமாக வெற்றிகளை எடுக்கிறார்கள். வழக்கு ஆவணங்களைப் படிப்பவர்களுக்கு அதைவிட நல்ல சரக்கு கிடைக்கும். ஜோன் ஆஃப் ஆர்க் என்றால் வாள் ஏந்திய பெண் என்பதுதான் பொதுவான படம். 1431-இல் ரூவான் நகரில் அவளை விசாரித்தபோது எழுதிய பதிவுகள் இன்றும் உள்ளன. வாளா, கொடியா, எது உனக்குப் பிடிக்கும் என்று கேட்டதற்கு, வாளைவிடக் கொடி 40 மடங்கு பிடிக்கும் என்கிறாள். யாரையும் கொல்லாமல் இருக்கவே கொடியைத் தானே ஏந்திப் போனதாகவும் சொல்கிறாள். நூல் நூற்பதிலும் தையலிலும் ரூவானில் எந்தப் பெண்ணுக்கும் நான் சளைத்தவள் இல்லை என்று அதே விசாரணையில் பெருமையடிக்கிறாள். 19 வயதுபோல இருந்த ஒருத்தி, உயிர் போகிற வழக்கில், தையலைப் பற்றிப் பெருமை பேசுகிறாள்! கற்பனையாக எழுதியிருந்தால் பதிப்பாசிரியர் அந்த வரியை நீக்கியிருப்பார்.

தொல்லியலும் அப்படியே. சுவீடனின் பிர்காவில் 1878-இல் தோண்டிய ஒரு வைக்கிங் கல்லறையில் வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு குதிரைகள், பலகை ஆட்டக் காய்கள் எல்லாம் இருந்தன. அது ஆண் வீரனுடையது என்றே நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் வெளியான மரபணு ஆய்வு அந்த எலும்புகள் பெண்ணுடையவை என்று காட்டியது. அவள் போரிட்டவளா, ஆயுதங்கள் வேறெதற்காவது வைக்கப்பட்டவையா என்ற வாதம் அதற்குப் பிறகும் நடக்கிறது. நாயகி தேடுகிறவர் வாளை விட்டுவிட்டு ஆட்டக் காய்களைக் கையில் எடுப்பது நல்லது என்பேன். வாள் வைத்திருப்பவர்கள் ஏராளம். யாரோடு உட்கார்ந்து விளையாடினாள் என்று யோசித்தால் ஒரு கூடாரமும் சில முகங்களும் வந்துவிடும்.

பெண் பாத்திரத்துக்குப் பெண்ணையே முன்மாதிரியாகத் தேட வேண்டும் என்பதும் இல்லை. ஆர்.எஃப். குவாங் 2018-இல் எழுதிய 'தி பாப்பி வார்' நாவலின் ரின், போரில் அநாதையான ஓர் ஏழைப் பெண். அவளுடைய வாழ்க்கைப் போக்குக்கு முன்மாதிரி மாவோ என்று குவாங் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். எங்கோ மூலையில் கிடந்த ஒருவர் லட்சக்கணக்கானோர் உயிரைத் தீர்மானிக்கும் ஆளாக எப்படி மாறுகிறார் என்பதுதான் அவரைப் பிடித்த கேள்வி. ரினை நமக்குப் பிடிக்கவைக்க அவர் பெரிதாக மெனக்கெடுவதில்லை, அது நாவலுக்கு நல்லதாகவே முடிந்தது.

சரி, கனவில் வந்தாள் என்று சொல்கிறவர்களை என்ன செய்வது? என்.கே. ஜெமிசின் அப்படித்தான் சொல்கிறார். ஒரு பெண் கடுங்கோபத்தோடு அவரை நோக்கி நடந்து வருகிறாள், அவளுக்குப் பின்னால் காற்றில் ஒரு மலை மிதந்து வருகிறது. இதைக் கனவு தந்த நாயகி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கனவு கொடுத்தது அவ்வளவுதான். மலையை நகர்த்தும் சக்தி எப்படி வேலை செய்யும், அவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விழித்திருந்துதான் விடை தேடியாக வேண்டும். வந்த விடை: நிலநடுக்கமும் எரிமலையும் திரும்பத் திரும்ப நாகரிகங்களை அழிக்கும் ஒரு கண்டம். பூமியை அடக்கத் தெரிந்த சிலர் அங்கே உண்டு, அவர்கள் இல்லாமல் அந்தச் சமூகம் பிழைக்காது. அதனாலேயே அவர்களைக் கண்டு நடுங்கி, பிடித்துப் பழக்கி, அடிமைகளாக வைத்திருக்கிறது. 2015-இல் வந்த 'தி ஃபிஃப்த் சீசன்' தொடங்கும்போது எஸன் என்ற தாய் வீட்டுக்கு வந்து தன் சின்ன மகனின் உடலைப் பார்க்கிறாள். பிள்ளைக்கு அந்தச் சக்தி இருப்பது தெரிந்ததும் தகப்பனே அடித்துக் கொன்றுவிட்டான். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில். அந்த முத்தொகுதியின் மூன்று புத்தகங்களும் 2016, 2017, 2018 என்று வரிசையாக, அறிவியல் புனைவுக்கும் மிகைப்புனைவுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருதை வாங்கின.

ஒரு நாயகி உண்மையிலேயே கிடைத்துவிட்டாளா என்று பார்க்க எழுத்தாளர்கள் செய்யும் சோதனை எளிமையானது. அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொருத்தியை வைத்துப் பார்ப்பது. கதை அப்படியே ஓடினால் அவள் இன்னும் வரவில்லை. சில சமயம் சோதனையே ஆளை மாற்றிவிடும். சி.எஸ். லூயிஸ் நார்னியா கதைக்கு முதலில் எழுதிவைத்த துண்டில் நான்கு குழந்தைகளில் கடைக்குட்டி பீட்டர் என்ற பையன், கதையும் பெரிதும் அவனைப் பற்றியது. 1950-இல் புத்தகம் வரும்போது பீட்டர் மூத்தவனாகிவிட்டான், கடைக்குட்டி லூசி. தன் ஞானமகள் லூசி பார்ஃபீல்டுக்குப் புத்தகத்தைக் காணிக்கையாக்கினார். நார்னியா உலகத்துக்கு வழியாக இருக்கும் அலமாரிக்குள் முதலில் போய்வந்து, உண்மையைச் சொல்லி, யாரும் நம்பாமல் நிற்பதற்கு நால்வரில் சொல்லுக்கு மதிப்பே இல்லாத ஆள்தான் வேண்டும்.

புதிய நாயகி என்று தேடும்போது பெரும் தடை முந்தைய நாயகிதான். பிடிவாதம், கூர்மையான நாக்கு, வில்வித்தை, யாருக்கும் தெரியாத பிறப்பு ரகசியம் என்று ஒரு தடவை எடுபட்ட கலவை கையோடு ஒட்டிக்கொள்ளும். பெயரையும் முடியின் நிறத்தையும் மாற்றிவிட்டு அவளையே மறுபடி எழுதுவார்கள். இதிலிருந்து தப்பிக்க வயதை மாற்றுவது பலருக்கு உதவியிருக்கிறது. எஸன் நாற்பதைத் தாண்டியவள். ஷானன் சக்ரபோர்த்தியின் முதல் நாவல் நாயகி இளம்பெண். 2023-இல் அவர் எழுதிய அமீனா அல் சிராஃபி, இடைக்கால இந்தியப் பெருங்கடலில் கொள்ளைக் கப்பல் நடத்தி ஓய்வுபெற்றவள், ஒரு மகளுக்குத் தாய், முழங்கால் வேறு சரியில்லை. முழங்கால் சரியில்லை என்று எழுதிவிட்டால் சண்டைக் காட்சி ஒவ்வொன்றையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். பாய்மரத்தில் தாவி ஏற முடியாது, கூரை விட்டுக் கூரை குதிக்க முடியாது, துரத்தினால் ஓடி ஜெயிக்கவும் முடியாது. பழைய கூட்டாளிகள் யார் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்குத் தன்மேல் பழைய கோபம் இருக்கிறது என்று அவள் கணக்குப் போட ஆரம்பிப்பாள். அவர்களில் ஒவ்வொருவரையும் தேடிப்போவதற்குள் நாவலில் நாலு அத்தியாயம் ஓடிவிடும்.